மாத்திரைக்குப் பயப்படலாம், பருக்குழிக்கு அதைவிடப் பயப்படுங்கள்

கேள்வி: மகனுக்கு 19 வயது, தேசிய சேவையில் இருக்கிறான். முகாமில் சேர்ந்த சில மாதங்களில் முகமும் முதுகும் பருவாகிவிட்டன. கஸ்தூரி மஞ்சள், பற்பசை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கூட இருக்கும் பையன் ஏதோ மாத்திரை சாப்பிட்டு முகம் பளிச்சென்று ஆகிவிட்டானாம். அது ஈரலைக் கெடுக்கும் என்கிறார்கள். என் மாமியாரோ, "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்கிறார். என்ன செய்வது? – ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மாமியார் சொல்வது பாதி சரி. பரு பெரும்பாலும் வயதோடு அடங்கிவிடும். அது தோண்டிவிட்டுப் போகும் குழி அடங்காது. மகன் வீட்டுக்கு வரும்போது சன்னலோரம் உட்காரவைத்துக் கன்னத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். பள்ளங்களோ, தொட்டால் வலிக்கும் கட்டிகளோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். வெறும் கருமை என்றால் பதற வேண்டாம். நம் மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்திருந்து மெல்ல மங்கும். கிள்ளினாலும் வெயில் பட்டாலும் இன்னும் இழுக்கும்.

பற்பசையை இன்றோடு நிறுத்துங்கள், அது தோலைப் புண்ணாக்கும். பரு அழுக்கால் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரந்து, மயிர்த்துளை அடைத்து, உள்ளே வீக்கம் கிளம்புகிறது. ஹெல்மெட் வார் உரசுவதும், வியர்வையும், முகத்தில் பூசும் கேமஃப்ளாஜ் கிரீமும் அதைக் கூட்டும். பயிற்சி முடிந்ததும் மென்மையான சோப்பால் கழுவினால் போதும், தேய்க்க வேண்டாம்.

லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடும் அடபலீன் ஜெல்லும் நல்ல தொடக்கம். அடபலீன் இரவில், பட்டாணி அளவு, முகம் முழுவதும். பரு மேல் மட்டும் பொட்டு வைப்பது போல் வைத்தால் அடுத்த பரு பக்கத்திலேயே முளைக்கும். முதல் வாரங்களில் எரியும், உரியும்; ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரமே "ஒண்ணும் ஆகலை டாக்டர்" என்று ட்யூபைத் தூக்கிப் போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். முதுகுக்கு பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ் உண்டு. ஒன்று, அது துணியை வெளுக்கும். சீருடைக் காலரும் உங்கள் நல்ல துண்டும் ஜாக்கிரதை.

இதற்கு மசியாவிட்டால் களிம்போடு சேர்த்து டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சுமார் மூன்று மாதம் தருவோம். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. இதைச் சாப்பிடும்போது வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதால் வெளிப்பயிற்சி இருக்கும் பையன் சன்ஸ்கிரீன் போட்டே ஆகவேண்டும்.

நண்பன் சாப்பிட்டது அநேகமாக ஐசோட்ரெடினோயின். கட்டிப் பருவுக்கும் குழி விழும் பருவுக்கும் எங்களிடம் அதைவிட வலுவான மருந்து இல்லை. சிலருக்கு ஈரல் நொதிகளும் கொழுப்பும் ஏறும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்கிறோம், நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். உதடு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. தசை வலிக்கலாம். மனம் சோர்ந்து தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து முடிந்து ஒரு மாதம் வரை ரத்ததானம் கூடாது. மகளுக்காகக் கேட்டிருந்தால் முதலில் கர்ப்பத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன்: கருவை அது கடுமையாகச் சிதைக்கும். ஆகவே நண்பனின் அட்டையிலிருந்து இரண்டு கிள்ளித் தருகிற மாத்திரை இல்லை இது.

மகன் முதலில் முகாம் மருத்துவ அதிகாரியைப் பார்க்கட்டும்; தேவைப்பட்டால் அவரே தோல் மருத்துவரிடம் அனுப்புவார். போகும்போது இதுவரை பூசிய அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கிய, உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத கிரீம் டப்பா இருந்தால் அதை முதலில் காட்டட்டும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பருவைக் கிளப்பிவிட்டதே அதுவாக இருக்கலாம்.