போன் நாங்கள் கதைப்பதைக் கேட்கிறதா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மகளுக்குத் தாலிக்கொடி எடுப்பது பற்றி வீட்டில் கதைத்தோம். மறுநாளே போனில் நகைக்கடை விளம்பரம். தேர்தல் நேரம் எனக்கு ஒரு கட்சி விளம்பரமும் மனிசனுக்கு வேறொன்றும் வந்தது. போன் ஒட்டுக்கேட்கிறதா? 3,000 ரூபாய் தந்தால் நிறுத்தித் தருவதாகப் போன் கடைக்காரர் சொல்கிறார்."

முதலில், அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். இதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

போன் உங்கள் பேச்சைக் கேட்கத் தேவையே இல்லை. மகள் தங்க விலை தேடியிருப்பா. நீங்கள் கல்யாண மண்டபப் படத்துக்கு லைக் போட்டிருப்பீர்கள். இரண்டு போனும் ஒரே வைஃபையில். அது போதும். உங்கள் போனுக்கென்று ஒரு விளம்பர இலக்கம் இருக்கிறது. பல செயலிகள் அதை வைத்தே உங்களைப் பின்தொடர்கின்றன. அண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ், கூகுள், விளம்பரங்கள் என்று போய் அதை அழித்துவிடலாம். விளம்பரம் வரும், ஆனால் முன்புபோல அவ்வளவாக உங்களைத் துரத்தாது.

எனக்குப் பெரிய கவலை அந்தக் கடைதான். போன் வாங்கும்போது ஜிமெயில் யார் திறந்தது? கடைப் பெடியன்தானே? என்னிடம் வந்த ஒரு தாயின் போனில் "டயர் கடை", "மீன் மாமா" என்று அவருக்குத் தெரியாத எண்கள் வரிசையாகக் கிடந்தன. கடை ஒரே ஜிமெயிலைப் பல பேருக்குப் போட்டிருந்தது. அவரது பேரப்பிள்ளைகளின் படங்களும் அதே கணக்கில்தான் ஏறியிருந்தன. அடையாள அட்டைப் பிரதி வேறு கடை லாச்சிக்குள்.

அதற்காக அவசரப்பட்டு ரீசெட் (போனை முழுதாக அழித்துப் புதிதாக்குவது) போடாதீர்கள். போட்டால் போன் பழைய ஜிமெயிலின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். பூட்டிக்கொண்டால், திறக்க அதே கடைக்குத்தான் திரும்ப ஓட வேண்டும். முதலில் உங்கள் எண்ணில் புதுக் கணக்குத் திறந்து, எண்களையும் படங்களையும் அதற்கு மாற்றுங்கள். பிறகு பழைய கணக்கைப் போனிலிருந்து நீக்குங்கள். ரீசெட் தேவையென்றால் அதன் பிறகுதான்.

கட்சி விளம்பரம் பற்றி: மேடையில் வேட்பாளர் சொல்வதை ஊரே கேட்கும், பொய்யென்றால் எழும்பிக் கேட்கலாம். போனில் உங்களுக்கொன்று, காத்தான்குடியில் ஒருவருக்கு இன்னொன்று சொன்னால் யார் ஒப்பிட்டுப் பார்ப்பது? 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் கடையொன்றின் கொத்துரொட்டியில் கருத்தடை மாத்திரை என்ற பொய் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் அளவுக்குப் போனது. அது பற்றிய வீடியோ போன் போனாகப் பரவியது. தன் தளத்தில் இப்படி வெறுப்புப் பரவியதற்குப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்!

இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சனம் இன்னும் எத்தனை தேர்தலுக்குக் காத்திருப்பது?

அதுவரை, பேஸ்புக்கில் கட்சி விளம்பரம் வந்தால் மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "இந்த விளம்பரம் எனக்கு ஏன் காட்டப்படுகிறது" என்பதைத் திறவுங்கள். உங்கள் வயதையா, ஊரையா வைத்துத் தெரிவு செய்தார்கள் என்று ஓரளவு தெரியும். மனிசனின் போனிலும் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.