அலைக்கோடு சொல்லாத வரிசை

வணக்கம் ஐயா,

பியானோவுக்குச் சின்னதாக ஒரு பீஸ் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் அடுக்கு, கீழிருந்து மேலாக சி, ஜி, ஈ, பி. அடியிலிருந்து வரிசையாக உருட்டாமல் முதலில் சி, உடனே உச்சியிலுள்ள பி, பிறகு ஈ, கடைசியாக ஜி என்று ஒலிக்கவேண்டும். நோட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டச் சொல்லும் அலைக்கோடு போட்டு, நோட்டுகளின் பக்கத்தில் கீழிருந்து 1, 4, 3, 2 என்று எழுதினேன். என் தோழி அவற்றை விரல் எண்கள் என்று நினைத்து, இடக்கைப் பெருவிரலை அடி சியில் வைத்துத் திணறிவிட்டார். இதற்கென்று குறி ஏதும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தனிக் குறி கிடையாது. அலைக்கோட்டுக்குத் தெரிந்தது இரண்டே திசை. சும்மா போட்டால் கீழிருந்து மேலே, கீழ்நோக்கி அம்பு சேர்த்தால் மேலிருந்து கீழே. தோழிமேல் தவறில்லை. பியானோ தாளில் 1 முதல் 5 வரை எந்த எண்ணைக் கண்டாலும் கண் விரலைத்தான் தேடும்.

உங்கள் கார்டை நேற்றிரவு வாசித்துப் பார்த்தேன். வழக்கமாக உருட்டும்போது உச்சி நோட்டு கடைசியில் வந்து சேரும், காது அதையே மெட்டாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வரிசையில் பி முன்பே ஒலித்து அடங்கத் தொடங்கிவிடுகிறது. நடுவில் ஒளிந்திருக்கும் ஜி கடைசியாக வந்து நிற்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்த ஜியை வாசிப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடாதீர்கள், நோட்டாகவே எழுதிவிடுங்கள்.

கார்டுக்கு முன்னால் சி, பி, ஈ மூன்றையும் ஒலிக்கும் வரிசையிலேயே கிரேஸ் நோட்டுகளாக, அதாவது முன்னால் சட்டென்று வாசிக்கும் சின்ன நோட்டுகளாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கார்டிலுள்ள அதே நோட்டுக்கு ஒரு டை, மறுபடி அடிக்காமல் ஒலியை நீட்டச் சொல்லும் வளைகோடு. ஜிக்கு மட்டும் டை இல்லை, அது கார்டோடுதான் பிறக்கிறது, பீட்டும், அதாவது தாள அடியும், அதன்மேல்தான் விழும். சி கீழ் ஸ்டாஃபிலும் (ஐந்து கோட்டுத் தொகுதி) மற்ற இரண்டும் மேல் ஸ்டாஃபிலும் வருவதால் தள்ளித் தள்ளி எழுதவும். நேர்மேலே வந்துவிட்டால் சேர்த்து அடித்துவிடுவார்கள்.

அடி சிதான் பீட்டில் விழவேண்டும் என்றால் கிரேஸ் நோட்டு வேண்டாம். நான்கு செமிகுவேவராக (முழு நோட்டில் பதினாறில் ஒரு பங்கு) அளந்து எழுதிக் கீழே, ஒலியை நீடிக்கவிடும் பெடல் குறி போடுங்கள், டை போடும் வேலையும் மிச்சம். இதே உருட்டல் தொடர்ந்து வந்தால் முதல் பாரில் (தாளச் சுற்று) முழுசாக, பிறகு வெறும் கார்டும் மேலே 'அதேபோல்' என்று பொருள்படும் 'சிமிலே'யும் போதும்.

17ஆம் நூற்றாண்டில் லூயி கூப்பரன் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், பியானோவுக்கு முந்தைய விசைக் கருவியான ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய பிரெலூடுகளைத் (முன்னிசைத் துண்டுகள்) தேடிப் பாருங்கள். பார் கோடே இல்லாமல், வரிசை வரிசையாக வெள்ளை முழு நோட்டுகள். எது முதலில், எது பிறகு என்பதை இடமிருந்து வலமாக அவை நிற்கும் வரிசையே சொல்லிவிடும். எது எதுவரை நீளவேண்டும் என்பதற்கு நீண்ட வளைகோடுகள். பாக் 1720 என்று தேதியிட்ட தன் கைப்பிரதியில், தனி வயலினுக்கான ஷகோன் என்ற படைப்பில், சில இடங்களில் கார்டுகளை அடுக்கி 'ஆர்பெஜியோ' (நோட்டுகளைப் பிரித்து வாசி) என்று மட்டும் எழுதினார். அவற்றை எப்படி உடைப்பது என்பதில் வயலின் வாசிப்பவர்கள் இன்றும் ஆளுக்கொரு வழி. அங்கே அந்தச் சுதந்திரம் அழகு. உங்கள் ஜிக்கு அது ஆகாது.

திருத்திய தாளை ஒரு விளக்கமும் சொல்லாமல் தோழியிடம் கொடுங்கள். ஜி கடைசியில் விழுந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.