பெருநகரத்தின் த்ரிஃப்ட் கடைகளிலும் விண்டேஜ் கடைகளிலும் நல்ல உடைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெருநகரம் ஒன்றுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், பழைய உடைகள் விற்கும் கடைகள் சுற்றிலும் இருப்பதாகவும், உள்ளே போனால் குவியலைப் பார்த்து மலைத்துப்போய் வெறுங்கையோடு திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே தொடங்குவது, எதை நம்பி வாங்குவது, பிறர் உடுத்திய துணியை உடுத்துவதில் ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக என் அலமாரியில் பாதிக்கு மேல் இப்படி வந்த உடைகள்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விண்டேஜ் கடைக்குப் போங்கள். ஆனால் வாங்குவதற்காகப் போகாதீர்கள். இரண்டு வகைக் கடைகளும் பழையதைத்தான் விற்கின்றன என்றாலும் அவை செய்யும் வேலை வேறு வேறு. த்ரிஃப்ட் கடைக்குச் சரக்கு பெரும்பாலும் நன்கொடையாக வருகிறது. வீடு மாறியவர்கள், உடம்பு இளைத்தவர்கள், பெற்றோரை இழந்து அலமாரியைக் காலி செய்தவர்கள் மூட்டை கட்டிக் கொடுத்தவை அவை. கடையில் இருப்பவர்கள் கந்தலை ஒதுக்கிவிட்டு, மீதியைச் சட்டை என்றால் இவ்வளவு, கோட்டு என்றால் இவ்வளவு என்று பொதுவாக விலைபோட்டுத் தொங்கவிடுகிறார்கள். விண்டேஜ் கடைக்காரர் அப்படிப்பட்ட குவியல்களைத் தானே புரட்டி, நல்லதைப் பொறுக்கி, துவைத்து, பொத்தான் தைத்து, எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வழக்கமாக 20 வருடங்களுக்கு மேற்பட்டதை விண்டேஜ் என்றும், 100 வருடங்களைத் தாண்டியதை ஆன்டிக் என்றும் சொல்வார்கள். அங்கே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அவருடைய உழைப்புக்கும் பழகிய கண்ணுக்கும் உரிய கூலி. அதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கண் உங்களுக்கும் வந்துவிட்டால் த்ரிஃப்ட் கடையில் நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். அதனால்தான் விண்டேஜ் கடையைப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அங்கே போய்த் தொட்டுப் பாருங்கள். கனத்த கம்பளி கையில் எப்படி விழுகிறது, நல்ல பட்டு உள்ளங்கையின் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கொள்கிறது, லினனைக் கசக்கினால் மடிப்பு எப்படி நின்றுவிடுகிறது என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்காரரிடம் பேசுங்கள். கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்கள். விலைபேச வரும் வாடிக்கையாளர்கள்தான் அவர்களுக்கு அதிகம். துணியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

இனி த்ரிஃப்ட் கடை. அங்கே கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். ஒவ்வொரு உடையாக வெளியே எடுத்துப் பார்த்தால் அரைமணி நேரத்தில் களைத்துப்போவீர்கள். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சட்டைக் கைகளை விரலால் தடவிக்கொண்டே நடங்கள். பெரும்பாலானவை மெல்லிய பாலியஸ்டராக வழுக்கிக்கொண்டு போகும். திடீரென்று ஒன்றில் கை நிற்கும். அதை மட்டும் எடுங்கள். பிறகு லேபிளைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் என்ன இழை என்று படியுங்கள். பெயர்பெற்ற நிறுவனமும் மட்டமான துணியில் தைக்கத்தான் செய்கிறது. பெயரே தெரியாத தையற்கடை ஒன்று 100 சதவீதக் கம்பளியில் அற்புதமாகத் தைத்திருக்கும்.

கடையில் ஒட்டியிருக்கும் அளவு எண்களையும் நம்பவேண்டாம். கடந்த பல பத்தாண்டுகளில் அளவுகள் இடம்பெயர்ந்துவிட்டன. ஒரே எண்ணுக்கான உடல் அளவு மெல்லமெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய கவுன் ஒன்றின் எண் இன்றைய உங்கள் எண்ணோடு ஒத்துப்போனால் அது இறுக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எளிய வழி இருக்கிறது. உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் சட்டை ஒன்றையும் பேண்ட் ஒன்றையும் மேசையில் பரப்பி, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள் அகலம், கை நீளம், இடுப்பு, கவட்டிலிருந்து கால் முனை வரை ஆகிய அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பையில் ஓர் அளவு நாடா எப்போதும் இருக்கட்டும். உடைமாற்றும் அறை இல்லாத கடையிலும் அப்போது தைரியமாக வாங்கலாம். பக்கத்து அளவு வரிசைகளையும், ஆண் பெண் என்று பிரித்த இரு பகுதிகளையும் தவறாமல் பாருங்கள். பலர் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் மாட்டிப் போயிருப்பார்கள்.

ஓர் உடையின் வயதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு மிகவும் ருசியான பகுதி. எந்த நாட்டில் செய்தது என்ற வரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் அது 1990க்கு முந்தையது. ‘சோவியத் யூனியன்’ என்றால் 1991 முடிவதற்குள் செய்தது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1993 பிறப்பதற்கு முன். அமெரிக்க உடைகளில் ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்ற தையல் தொழிலாளர் சங்கத்தின் சிறு லேபிள் இருந்தால், அந்தச் சங்கம் 1995ல் வேறொரு சங்கத்தோடு இணைந்துவிட்டதால், அதற்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தர லேபிளை அமெரிக்கா 1972லிருந்து கட்டாயமாக்கியது. அது இல்லாமல், வெட்டி எடுத்த தடமும் இல்லாமல் இருந்தால் அதைவிடப் பழையதாக இருக்கக்கூடும். இழுபடும் ஸ்பான்டெக்ஸ் இழையை ட்யூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது 1958ல். அந்த இழை கலந்த துணியை ஒருவர் நாற்பதுகளின் உடை என்று விற்றால் நம்பாதீர்கள். லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் இருக்கும் சிவப்புத் துணுக்கில் ஆங்கிலத்தில் எழுதிய நிறுவனப் பெயரின் இரண்டாவது எழுத்தான ‘ஈ’ பெரிய எழுத்தாக இருந்தது. 1971ல் அதைச் சிறிய எழுத்தாக மாற்றினார்கள். அந்த ஒற்றை எழுத்துக்காகவே விலை பல மடங்கு ஏறுகிறது.

ஆனால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். ஜிப்பை யாராவது மாற்றியிருக்கலாம். பழைய பாணியில் புதிதாகச் செய்து விற்பவர்களும் உண்டு. லேபிள், ஜிப், தையல், துணி எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

என்னிடம் இருக்கும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றைச் சொல்கிறேன். இன்று இல்லாத நாடான ‘யூகோஸ்லாவியா’வின் லேபிளோடு ஒரு த்ரிஃப்ட் கடையில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலரைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் சின்னச் சின்னக் குழிகளாகக் கைத்தையல் வரிசை வரிசையாக ஓடியிருந்தது. துணியையும் உள்ளே வைக்கும் கித்தானையும் ஒட்டாமல் ஊசியால் இணைத்தால்தான் அப்படித் தெரியும். மடிந்து விழும் இடத்தைக் கையால் அழுத்திவிட்டால் தானாக எழும்பி நின்றது. பொத்தான்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், சிப்பிப் பொத்தான் சில்லென்று இருக்கும். இவை பிளாஸ்டிக். ஒருவேளை பின்னால் மாற்றியவையாக இருக்கலாம். உள்துணி அக்குளில் கிழிந்திருந்தது, அதனால்தான் யாரும் எடுக்கவில்லை போலும். உள்துணி கிழிவது கோட்டுக்கு ஒரு குறையே அல்ல. தையற்காரர் புதிதாக வைத்துக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அந்த அளவுக்குக் கைவேலை செய்த புதுக் கோட்டு என் வருமானத்துக்கு எட்டாது.

எந்தக் குறை தீரும், எந்தக் குறை தீராது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இந்தக் கடைகளில் நிஜமான திறமை. தையல் விட்டுப்போனது, பொத்தான் விழுந்தது, ஓரம் பிரிந்தது, ஜிப் கெட்டது, எலாஸ்டிக் தளர்ந்தது எல்லாம் சின்ன விஷயங்கள். கால்சட்டையின் பின்பக்கத் தையலில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். பழைய உடைகளில் தாராளமாக விட்டிருப்பார்கள், பிரித்துத் தைத்தால் இடுப்பு கொஞ்சம் கிடைக்கும். பெரியதைப் பிடித்துத் தைப்பது எளிது, ஆனால் தோள் பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தோளைப் பிரித்துச் சரிசெய்வது உடையைப் புதிதாகத் தைப்பதற்குச் சமமான வேலை, கூலியும் அப்படித்தான்.

வெளிச்சத்துக்கு எதிராகத் துணியைப் பிடித்துப் பார்க்காமல் எதையும் வாங்கவேண்டாம். அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியிலும் பட்டிலும் போட்ட ஊசிமுனைத் துளைகள் அப்போதுதான் தெரியும். கனத்த பின்னல் ஸ்வெட்டரில் ஒன்றிரண்டு துளை என்றால் அடைத்துக்கொள்ளலாம். மெல்லிய நெசவில் என்றால் வேண்டாம். வியர்வை தோய்ந்து அக்குள் விறைத்த சட்டையையும் விடுங்கள், அந்த இடத்தில் இழை வலுவிழந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் கூட்ட வெள்ளீய உப்புகளைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டு மடிப்பு விழுந்த இடங்களில் கண்ணாடி விரிவதைப்போல நீளநீளமாகப் பிளக்கும். எந்தத் தையற்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், உடுத்தினால் அன்றைக்கே போய்விடும். காலணிகளில் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பகுதி உள்ளவற்றைக் கவனியுங்கள். காற்றிலுள்ள ஈரத்தாலேயே அது சிதையும், பெட்டியைவிட்டு எடுக்காமல் வைத்திருந்தாலும் நொறுங்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது மாவாக உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோல் அடி வைத்துத் தைத்த ஷூ என்றால் அடியை மாற்றிப் பல வருடம் போடலாம்.

பழுது பார்ப்பது இந்த வியாபாரத்தோடு பிறந்தது. 1902ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் குட்வில் என்ற த்ரிஃப்ட் கடை அமைப்பைத் தொடங்கியபோது, வசதியானவர்களின் பகுதிகளில் பழைய பொருட்களைச் சேகரித்து, அவற்றைச் சரிசெய்யும் வேலையை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஒட்டுப்போட்டதை உடுத்துவதில் கூச்சம் இருப்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. உங்கள் பகுதியில் நல்ல தையற்காரர் ஒருவரை முதலில் தேடிப் பிடித்துவிட்டு, பிறகு கடைகளைத் தேடுங்கள்.

எந்தக் கடைக்கு, எப்போது போவது என்பது பெரிய ரகசியம் இல்லை. வேலைநாளில் காலை நேரம் நல்லது. வார இறுதியில் வந்த மூட்டைகளைப் பிரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், கூட்டமும் இருக்காது. கோட்டைக் கோடையில் தேடுங்கள். வயதானவர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் நன்றாகத் தைத்த பழைய உடைகளும், பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் வருட முடிவில் சாமான்களும் கிடைக்கும். ஒரே நாளில் பத்துக் கடை ஏறி இறங்குவதைவிட, இரண்டு கடைகளை வைத்துக்கொண்டு அடிக்கடி எட்டிப்பார்ப்பது பலன் தரும்.

விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். வீட்டில் தேவைப்பட்டியல் ஒன்று எழுதிவைத்திருங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் எந்த உடைகளோடு அதைப் போடுவீர்கள் என்று அங்கேயே நின்று யோசியுங்கள். பதில் வரவில்லையென்றால் அது வேறொருவருக்கு உரியது. குளிருக்கு ஒரே ஒரு கோட்டு தேடி வந்தவர் அந்த வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கலாம்.

சுகாதாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூட்டைப்பூச்சிதான் உண்மையான கவலை. வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டியே வீட்டுக்குள் கொண்டுவந்து, சூட்டைத் தாங்கும் துணியானால் டிரையரில் அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். சூடு ஆகாத கம்பளி, பட்டு என்றால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் நான்கு நாட்கள் வையுங்கள். பூச்சியும் முட்டையும் சாகும். அதன் பிறகு துணிக்கேற்றபடி துவைத்துக்கொள்ளலாம். அந்துருண்டை வாடை பலநாள் காற்றாட நிழலில் தொங்கவிட்டால் பெரும்பாலும் போகும். குழந்தைகளின் துணியில் அந்த வாடை இருந்தால் வாங்கவே வேண்டாம். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். உள்ளாடைகளை நான் பழையதாக வாங்குவதில்லை. ஹெல்மெட்டையும் குழந்தைகளுக்கான கார் இருக்கையையும் யாரும் வாங்கக்கூடாது. ஒருமுறை அடிபட்டவை வெளியே பளபளவென்று இருந்தாலும் அடுத்த அடியில் காப்பாற்றாமல் போகலாம், அடிபட்டதா என்று கடைக்காரருக்கே தெரியாது.