படகின் நீளம் பார்த்து டிரெயிலர் வாங்கலாமா?

கேள்வி: நீர்கொழும்பில் 16 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். வெறும் படகு 220 கிலோ, 15 குதிரைவலு இன்ஜின். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்டுவதற்கு. வீட்டில் டபிள் கெப் நிற்கிறது. கூடவே பழைய டிரெயிலர் ஒன்றையும் தருகிறார்கள். தகட்டில் மொத்த எடை 500 கிலோ; பிரேக் இல்லை. 16 அடிக்கு அதுவே போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், நோர்வூட்

பதில்: வேண்டாம் தம்பி. நீளம் பொருந்தினால் படகு அதில் உட்காரும், அவ்வளவுதான். பாரத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் 40 கிலோ, 25 லீற்றர் பெட்ரோல் 18 கிலோவுக்கு மேல், நங்கூரம், கயிறு, பற்றரி, மிதவை அங்கி எல்லாம் சேர்ந்து இன்னொரு 40. தகட்டிலுள்ள 500 கிலோவில் டிரெயிலரின் சொந்த எடையும் அடக்கம். அது 150 என்றால் மொத்தம் 470 ஆகிவிடும். நம் பக்கத்து மழை தெரியும்தானே? மூடாத படகில் 50 லீற்றர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ. 750 கிலோ தாங்குவதைத் தேடுங்கள்.

பிரேக்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினால்தான் பிரேக் கட்டாயம். நமக்கு அந்தக் கணக்கு சரிவராது. கினிகத்தேனை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து அரை டன் தள்ளும்போது வண்டியின் பிரேக் தனியாகவே அத்தனையையும் பிடிக்க வேண்டும். டிரெயிலர் முன்னே தள்ளும்போது தானாகப் பிடிக்கும் பிரேக் கிடைக்கிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் அது விடாமல் உரசிச் சூடேறும். சின்ன கியரில் மெதுவாக இறங்குங்கள். நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

வண்டியின் கொக்கியில் விழும் பாரம், படகோடு சேர்ந்த டிரெயிலரின் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கட்டும். குறைந்தால் டிரெயிலர் வாலாட்டும். வீட்டில் ஆள் நிறை பார்க்கும் தராசிலேயே அளக்கலாம். கூடிக் குறைந்தால் படகை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

கோடையில் காசல்ரீ தண்ணீர் இறங்கிச் சேற்றுக்கரை வெளியே வந்துவிடும். அங்கே படகு உட்கார மரத்தாங்கி வைத்த டிரெயிலரைவிட, படகு உருண்டு இறங்கும் ரோலர் வைத்ததுதான் வசதி, டிரெயிலரை ஆழத்துக்கு இறக்க வேண்டியதில்லை.

நீர்கொழும்பிலேயே பழைய டிரெயிலர் எடுப்பதென்றால் அது உப்புத்தண்ணீரில் இறங்கியது. துத்தநாகம் பூசியதாகப் பாருங்கள், குழாய்ச் சட்டம் உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வீல் பேரிங்கைக் கழற்றிப் புதுக் கிரீஸ் வைக்காமல் ஹட்டன் ஏற்றத்துக்குக் கிளம்ப வேண்டாம்.