கேள்வி பதில்: வேல்ஸின் சனி, ஞாயிறு, திங்கள் (1881–1898)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் மக்களின் பொது வாழ்வையும் விளையாட்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, வேல்ஸுக்கென்று தனியாக இயற்றப்பட்ட முதல் சட்டம் மதுக்கடைகளைப் பற்றியது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்தின் சட்டமே வேல்ஸின் சட்டமாகவும் இருந்துவந்தது. 1881இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஞாயிறு மதுக்கடை அடைப்புச் சட்டமே, நவீன காலத்தில் வேல்ஸைத் தனி நாடாகக் கருதி இயற்றப்பட்ட முதல் சட்டம். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் முதலிய கிறிஸ்தவச் சபையினர் நெடுநாள் போராடிப் பெற்ற வெற்றி அது. மூன்று மைல் பயணம் செய்து வந்தவருக்கு மது தரலாம் என்ற விலக்கு இருந்ததால், தாகம் மிகுந்தவர்கள் ஞாயிறுதோறும் அடுத்த ஊருக்கு நடந்தார்கள் என்பதும், கார்டிஃப் நகரில் வீடுகளுக்குள் திருட்டு வியாபாரம் பெருகியது என்பதும் மறைக்க முடியாதவை. ஆயினும், தங்கள் நாட்டுக்குத் தனிச் சட்டம் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும் என்று வேல்ஸ் மக்கள் அறிந்துகொண்டது இதன் மூலமே என்பதால், இச்சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: தசமபாகப் போர் என்பது மதச் சண்டையா, நிலச் சண்டையா?

பதில்: இரண்டும்தான். விவசாயிகளில் பெரும்பாலோர் தங்கள் சொந்தச் சபைகளுக்கே சென்றார்கள். ஆனால் தாங்கள் சேராத இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் வந்த வரி, கட்ட வேண்டியிருந்தது. விளைபொருள் விலை வீழ்ந்த 1886 முதல் வட வேல்ஸில் பலர் கட்ட மறுத்தனர். அதிகாரிகள் மாடுகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட வந்தபோது ஊரே திரண்டு தடுத்தது. 1887இல் மொக்ட்ரே என்ற சிற்றூரில் போலீசாருடன் நடந்த மோதலில் எண்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 1891இல் வந்த சட்டம் தசமபாகம் கட்டும் பொறுப்பை நிலவுடைமையாளரிடம் மாற்றிய பிறகே கொந்தளிப்பு தணிந்தது.

கேள்வி: இங்கிலாந்தின் பணக்காரப் பள்ளிகளில் பிறந்த ரக்பி, சுரங்கத் தொழிலாளரின் ஆட்டமாக எப்படி மாறியது? கால்பந்து ஏன் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை?

பதில்: கால்பந்து வடக்கில் பிடித்தது, வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1876இலேயே ரெக்ஸமில் தொடங்கப்பட்டது. தெற்கின் கதை வேறு. நிலக்கரிக்காக மக்கள் வெள்ளமாக வந்து குடியேறிய பகுதி அது: ரோண்டா பள்ளத்தாக்கில் 1851இல் ஆயிரத்துக்கும் குறைவானோரே இருந்தனர், 1901இல் 1,13,000க்கும் அதிகமானோர். முன்பின் அறியாதவர்கள் அக்கம்பக்கத்தில் வாழ நேர்ந்தபோது, சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டம் அவர்களை ஓர் ஊராராக்கியது. கல்லூரிகளில் ரக்பி பயின்ற வழக்கறிஞர்களும் வணிகர்களும் தொடங்கிய சங்கங்களில் தொழிலாளரும் சேர்ந்து ஆடினார்கள். இங்கிலாந்தில் இது அரிது. 1881 பிப்ரவரியில் பிளாக்ஹீத்தில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் வேல்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்காமல் படுதோல்வி அடைந்தது. மூன்றே வாரங்களில், மார்ச் 12 அன்று, நீத் நகர விடுதி ஒன்றில் கூடி வேல்ஸ் ரக்பி சங்கத்தை அமைத்தார்கள்.

கேள்வி: 1893ஆம் ஆண்டு ஆட்டத்தை ஏன் அவ்வளவு போற்றுகிறார்கள்?

பதில்: அந்த ஜனவரியில் கார்டிஃப் மைதானம் உறைந்து கல்லாகியிருந்தது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு நூற்றுக்கணக்கான கணப்புகளில் நிலக்கரியை எரித்துத் தரையை இளக்கினார்கள். சாம்பல் கறைகள் படிந்த அந்தத் தரையில்தான் மறுநாள் ஆடினார்கள். முதல் பாதியில் பின்தங்கியிருந்த வேல்ஸ், இறுதிக் கட்டத்தில் கிடைத்த பெனால்டியை பில்லி பான்கிராஃப்ட் பயன்படுத்தியதால் 12–11 என்று இங்கிலாந்தை வென்றது. பந்தைத் தரையில் நிறுத்தி உதைக்கும்படி தலைவர் ஆர்தர் கூல்ட் சொல்லியும், அவர் அதைக் கையிலிருந்து நழுவவிட்டு, எழும்பிய கணத்தில் உதைத்தார் என்பார்கள். அவ்வாண்டு ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் வென்று, மற்ற மூன்று நாடுகளையும் ஒரே பருவத்தில் வெல்லும் அணிக்குரிய 'மும்முடி'ப் பெருமையை வேல்ஸ் முதல்முறையாகப் பெற்றது. நடுக்களத்தில் மூவருக்குப் பதில் நால்வரை நிறுத்தும் முறையை 1884இல் கார்டிஃப் அணி தொடங்கியது. 1893க்குப் பின் மற்ற நாடுகளும் அதையே ஏற்றன. என்னைப் பொறுத்தவரை, புள்ளிக் கணக்கைவிட இதுவே பெரிய வெற்றி.

கேள்வி: கூல்டுக்கு மக்கள் வீடு வாங்கித் தந்ததில் என்ன தவறு?

பதில்: ஆட்டத்துக்குப் பணமோ பணமதிப்புள்ள பொருளோ பெறக் கூடாது என்ற விதி இருந்தது. மக்கள் ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்த்த நிதியில் வேல்ஸ் சங்கமும் பங்கேற்க முனைந்தது. ரக்பி விதிகளைக் கவனித்த சர்வதேசக் குழு எதிர்த்தது. 1897இல் வேல்ஸ் அக்குழுவிலிருந்தே விலகியது. ஸ்காட்லாந்து இரண்டாண்டுகள் வேல்ஸுடன் ஆடவில்லை. வீட்டை ஏற்ற கூல்ட் பின்னர் நாட்டுக்காக ஆடவில்லை. வேல்ஸ் 1898இல் குழுவுக்குத் திரும்பியது. ஸ்வான்ஸீயின் செம்புத் தொழிலாளிகளான ஜேம்ஸ் சகோதரர்களின் நிலையோ வேறு. பணத்துக்காக வட இங்கிலாந்துக்குச் சென்றதற்கு அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மன்னிக்கப்பட்டுத் திரும்பி, 1899இல் இங்கிலாந்தை 26–3 என்று வென்ற அணியில் ஆடி, மீண்டும் வடக்கே போனார்கள். ஊதியமின்றி ஆடுவது வசதியுள்ளவருக்குக் கௌரவம். கூலிக்காரனுக்கு அது இழப்பு.

கேள்வி: 'மேபன் திங்கள்' என்றால் என்ன?

பதில்: மேபன் என்பது வில்லியம் ஏப்ரகாமின் புனைபெயர். சுரங்கத்தில் கதவு திறந்துவிடும் சிறுவனாக வேலையைத் தொடங்கி, 1885இல் ரோண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். கூட்டத்தில் கூச்சல் எழுந்தால் தம் கணீர்க் குரலில் ஒரு துதிப்பாடலைத் தொடங்கிவிடுவார். எல்லோரும் சேர்ந்து பாட, கூச்சல் அடங்கிவிடும். அப்போது நிலக்கரி விலையோடு கூலியும் ஏறி இறங்கியது. ஆகவே உற்பத்தியைச் சற்றுக் குறைத்து விலையைத் தாங்கிப்பிடிக்க, 1888 முதல் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை விடுமுறையாக்கினார்கள். உரிமையாளர்களுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. 1898இல் ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்த கதவடைப்பில் தொழிலாளர் பசியால் தோற்று, செப்டம்பரில் வேலைக்குத் திரும்பியபோது, அந்தத் திங்கட்கிழமை பறிக்கப்பட்டது. அடுத்த மாதமே, சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடித் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பை உருவாக்கி, மேபனையே தலைவராக அமர்த்தின.