வெடிப்பு கண்ட கலனைத் தொடர்ந்து இயக்கலாமா? ஒரு தகப்பனாருக்கு எழுதிய பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றிவிட்டு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காத்திருக்கும் தங்கள் மகள், கொதிகலன், வாயுவையோ திரவத்தையோ அமுக்கத்தில் அடைத்து வைக்கும் அமுக்கக் கலன், குழாய்த்தொடர் ஆகியவற்றில் காணப்படும் குறைகளை மதிப்பிடும் துறைக்குச் செல்ல விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். "பழுதான சாமானைப் பாவிக்கலாம் என்று கையெழுத்து வைப்பதும் ஒரு உத்தியோகமா?" என்ற தங்கள் கேள்வி நியாயமானது; யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே மிகக் குறைவு.

சுவரில் விழும் கீறலையும் வெடிப்பு என்கிறோம். குண்டு சிதறுவதையும் வெடிப்பு என்கிறோம். பிள்ளை விரும்பும் தொழில் முழுவதும் இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. முதலாவது வெடிப்பு இரண்டாவதாக மாறுமா, மாறுமென்றால் எந்த அமுக்கத்தில், எத்தனை ஆண்டில் என்பதைக் கணித்துச் சொல்வதே அதன் வேலை. குறை எதுவுமே இல்லாத உருக்கு உலகில் கிடையாது. புதிதாகக் கலன் செய்யும்போது வெல்டிங்கில் அனுமதிக்கப்படும் குறையின் அளவு பெரும்பாலும் வேலைத் தரத்தைக் காப்பதற்காக வகுக்கப்பட்டது. அதைச் சற்றே மீறிய குறை ஒன்று இருபது ஆண்டு ஓடிய கலனில் தென்பட்டால் அக்கலன் உடனே ஆபத்தானது என்று பொருளல்ல. அவசரப்பட்டு வெட்டி மீண்டும் வெல்டிங் செய்வதனால் புதிய குறைகளும் எச்சத் தகைப்புகளும் (சுமை இல்லாதபோதும் உருக்குக்குள் தங்கிவிடும் உள்விசைகள்) உண்டாகி, இருந்ததைவிட நிலைமை மோசமாவதும் உண்டு.

இதற்கான முறையை வகுத்த ஆவணங்களுள் முதன்மையானது, அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2007 முதல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்துடன் கூட்டாக வெளிவரும் ஏ.பி.ஐ. 579 ஆகும். பிரித்தானியாவில் இதே நோக்கத்துக்கு பி.எஸ். 7910 என்ற நியமம் உண்டு. முதலாவது ஆவணம் மதிப்பீட்டை மூன்று படிகளாக வைக்கிறது: முதற்படி அட்டவணையைப் பார்த்து முடிப்பது, இரண்டாம்படி பொறியியலாளர் கணிப்பது, மூன்றாம்படி கணினியில் தகைப்புப் பகுப்பாய்வு செய்து முடிவெடுப்பது.

தாங்கள் கணக்குத் தெரிந்தவர் என்பதால் எளிய உதாரணம் ஒன்று தருகிறேன். 12 மில்லிமீற்றர் தடிப்புடன் செய்த கலன் எட்டு ஆண்டின் பின் 10.4 மில்லிமீற்றராகத் தேய்ந்திருக்கிறது. அதாவது ஆண்டுக்கு 0.2 மில்லிமீற்றர். அமுக்கத்தைத் தாங்க ஆகக்குறைந்தது 8.4 மில்லிமீற்றர் வேண்டுமென்றால், கைவசம் எஞ்சியிருப்பது 2 மில்லிமீற்றர், ஆகவே பத்து ஆண்டு. ஆனால் பத்தாம் ஆண்டு வரை எவரும் காத்திருப்பதில்லை. எஞ்சிய ஆயுளின் பாதி, அல்லது பத்து ஆண்டு, இவற்றுள் குறைந்ததற்குள் உள்ளே திறந்து பார்க்க வேண்டும் என்பது அதே பெற்றோலிய நிறுவகத்தின் கலன் பரிசோதனை நியமமான ஏ.பி.ஐ. 510 இன் விதி, இங்கே அது ஐந்து ஆண்டு.

தேய்வு இவ்வளவு இலகு, வெடிப்பு அப்படியல்ல. அதன் ஆழம், அந்த இடத்துத் தகைப்பு, உருக்கின் முறிவு தாங்கும் திறன் ஆகிய மூன்றும் ஒருங்கே தெரிய வேண்டும். வரைபொன்றில் ஓர் அச்சில் சடுதியாக முறியும் அபாயமும் மற்றதில் உருக்கு இளகி வளைந்து போகும் அபாயமும் குறிக்கப்படும். கணித்த புள்ளி வளைகோட்டுக்கு உள்ளே விழுந்தால் இயக்கலாம். சூடாக இயங்கும்போது சாதுவாக இருக்கும் வெடிப்பு, அதே கலனைக் குளிர்ந்த நீர் நிரப்பி அமுக்கச் சோதனை செய்யும்போது சடுதியாக முறியவும் கூடும், ஏனெனில் வெப்பநிலை குறையச் சாதாரண உருக்கு நொறுங்கும் தன்மை பெறுகிறது. இப்படியான இடங்களில்தான் படித்தவரின் தீர்ப்புக்கு மதிப்பு.

இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இளைஞரிடம், காதுக்குக் கேட்காத ஒலியலையைச் செலுத்தி உருக்கின் தடிப்பையும் குறையையும் அறியும் மீயொலிச் சோதனையில் சான்றிதழ் எடுத்தால் இந்தத் துறையில் மேலே போகலாம் என்று நான் சொன்னேன். அவரும் கடன்பட்டு எடுத்தார். பின்னர் புழுங்கல் அரிசி ஆலையொன்றில் அவர் வேலை செய்வதை நேரில் பார்த்தேன்: கொதிகலன் ஓட்டின்மேல் சோக்கினால் கட்டம் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் பசை தடவி, விரலளவு கருவியை அழுத்தி, திரையில் வரும் எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். கை நேர்த்தியான கை. ஆனால் அந்த எண் போதுமா போதாதா என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. குறையைக் கண்டுபிடிப்பது வேறு தொழில், மதிப்பிடுவது வேறு தொழில் என்பதை நான் அவருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் மதிப்பான தொழில்களே. இரண்டாவதற்குப் பட்டம் வேண்டும்.

ஆகவே, இப்போதே குறுகிய காலச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள், விளம்பரம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், பேராதனை, மொறட்டுவை ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் இயந்திரப் பொறியியல் ஏற்றது. மொறட்டுவையில் பொருள் விஞ்ஞானத் துறையும் இதற்கு மிகப் பொருந்தும். பட்டத்தின்போது களனியில் இலங்கை அணுசக்திச் சபையின் அழிவில்லாச் சோதனை (பொருளைச் சேதப்படுத்தாமல் குறை காணும் சோதனை) நிலையம் நடத்தும் பயிற்சியொன்றைப் பெற்றால், பிறர் தரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் உள்நாட்டில் கற்கத்தக்க இடங்கள். முழுநேர மதிப்பீட்டு வேலை வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும்தான் கூடுதலாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கலனுக்குள் இறங்குவது அதை நிறுத்தி, காலிசெய்து, காற்றைச் சோதித்து, எழுத்தில் அனுமதி பெற்ற பின்னரே. சாரத்தில் ஏறுவதும் வெயிலில் நிற்பதும் உண்டுதான். மகளை அதற்காகத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடுதலான நேரம் மேசையில் கணிப்பிலும் ஆங்கில அறிக்கை எழுதுவதிலும் கழியும், ஆங்கிலத்தை மட்டும் இப்போதிருந்தே கவனிக்கச் சொல்லுங்கள்.

புள்ளி வந்ததும், விருப்பத் தெரிவுகளை நிரப்புவதற்கு முன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேலே சொன்ன கலனில் இன்றிலிருந்து தேய்வு இரண்டு மடங்கானால் அடுத்து எப்போது திறந்து பார்க்க வேண்டும் என்பதை அவரே கணித்துக்கொண்டு வரட்டும்.