இரண்டு முறை மருந்து கொடுத்தும் திரும்பி வரும் பாம்புச் சளி

கேள்வி: நாங்கள் செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் இருக்கிறோம். நான்கு வயதுப் பெண் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு வகை) ஒன்று வளர்க்கிறேன். பெயர் ராணி, எடை 1,400 கிராம். ஜூனில் சாரல் தொடங்கிய இரண்டாவது வாரம் மூச்சுவிடும்போது கிர்ரென்று சத்தம் வந்தது, வாயோரம் நுரை கட்டியது. இங்கே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். என்ரோஃப்ளாக்சசின் ஊசி ஐந்து நாள் போட்டார். நின்றது. ஜூலையில் திரும்ப வந்தது. கேரளத்துப் பக்கம் ஒருவரிடம் கொண்டுபோனேன். செஃப்டாசிடைம் நான்கு ஊசி. நின்றது. ஆகஸ்டில் மறுபடியும். மெடிக்கலில் அசித்ரோமைசின் மாத்திரை வாங்கி, பொடித்து, எலிக்குள் வைத்துக் கொடுக்கலாமா? எலியையே இப்போது தொடமாட்டேன் என்கிறது. அம்மா நொச்சி ஆவி காட்டச் சொல்கிறார். என் மனைவி, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், மலையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறாள். பிள்ளைக்கு மூன்று வயது. கண்ணாடித் தொட்டி, கீழே மில்லில் வாங்கிய மரத்தூள், பகலில் 60 வாட் பல்பு. கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 30 டிகிரி காட்டுகிறது. ஏப்ரலில் இன்னொரு குட்டியும் வாங்கினேன், அதற்கு ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மாத்திரை. வாங்கவில்லையென்றால் வாங்காதீர்கள், வாங்கிவிட்டால் அலமாரியிலேயே இருக்கட்டும். எந்தக் கிருமி என்று தெரியாமல் இரண்டு மருந்து கொடுத்தாகிவிட்டது. மூன்றாவதையும் அப்படியே கொடுத்தால், பிழைத்திருக்கிற கிருமிக்கு இன்னொரு மருந்தையும் தாங்கப் பழக்கிவிடுகிறோம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'பகலில் 60 வாட் பல்பு' என்ற வரி. சரி, அப்போது ராத்திரி? அணைத்துவிடுகிறீர்கள், அது தூங்கட்டும் என்று. சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றில் உங்கள் ஊர் வீடுகளுக்குள் ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறீர்கள். ராணிக்குப் போர்வை கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அதன் உடம்பு சூட்டை உண்டாக்காது. தொட்டி எத்தனை டிகிரியோ உடம்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி.

பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா, நடு ஆப்பிரிக்காப் பக்கத்துப் பிராணி. தொட்டியின் ஒரு மூலை 31, 32 டிகிரி செல்சியஸ், மறு மூலை 26, 27 இருந்தால் வேண்டிய இடத்தில் போய்ச் சுருண்டுகொள்ளும். இதற்குக் கீழே இறங்கினால் செரிமானம் மந்தமாகும், கிருமியை எதிர்க்கும் அணுக்களும் மந்தமாகும். மருந்தும் இதற்கு விலக்கு இல்லை. செஃப்டாசிடைமை மூன்று நாளுக்கு ஒரு ஊசி என்று போடுகிறோமே, அந்தக் கணக்கு 30 டிகிரியில் வைத்திருந்த பாம்புகளைப் பார்த்துப் போட்ட கணக்கு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கிற பாம்பின் உடம்பில் அதே மருந்து எப்படிப் பரவும், எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாம்புக்கு இரண்டு மாதம் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தொட்டி ஏசி அறையில் இருந்தது. அதிலிருந்து, முதலில் வெப்பநிலை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். அது கண்ணாடியின் சூட்டைச் சொல்லும், அதுவும் சரியாகச் சொல்லாது. ஒயர் முனையில் உணர்கருவி உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, பாம்பு படுக்கிற உயரத்தில் இரண்டு மூலைகளிலும் வையுங்கள். குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் வகையாக இருந்தால் ராத்திரி விழித்துப் பார்க்க வேண்டாம். பல்புக்குப் பதில் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், அல்லது தொட்டிக்கு அடியில் ஹீட் பேட். எதுவானாலும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டாம். அளவுக்கு மீறிச் சுட்டாலும் பாம்பு சில சமயம் விலகாமல் அங்கேயே கிடக்கும், வயிறு வெந்த பிறகுதான் நமக்கே தெரியும். நோய் தீரும்வரை சூடான மூலை 32, குளிர்ந்த மூலை 28க்குக் குறையாமல், இரவும் பகலும். சாரலில் கரண்ட் போவது உங்கள் ஊரில் சகஜம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்குள் வைத்து, தொட்டியையும் கம்பளியால் மூடுங்கள், காற்றுக்கு வழி விட்டு.

அடுத்தது மரத்தூள். பிரானூரில் மர மில்லுக்குப் பஞ்சமில்லை, தூள் சும்மாவே கிடைக்கும், எனக்கும் தெரியும். ஆனால் அது எந்த மரம் என்று மில்காரருக்கே தெரியாது. பைன் மாதிரி மரங்களின் எண்ணெய் பாம்பின் சுவாசப்பாதையை அரிக்கும், நுண்ணிய தூசு வேறு. இன்றைக்கே எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைப் போடுங்கள். சளி விழுந்தாலும் எச்சம் போட்டாலும் உடனே கண்ணில் படும், தினம் மாற்றலாம். தேங்காய் நார்த்தூள் நல்ல பொருள்தான், குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈரப்பதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், இதற்கு 55 முதல் 65 சதவீதம் வேண்டும். கதகதப்பான ஈரம் இதற்கு நல்லது, சில்லென்ற ஈரம்தான் ஆகாது. அந்த அறையில் சாயங்காலம் சாம்பிராணி போடுகிறீர்களா? கொசுவர்த்தி? இரண்டையும் வேறு அறைக்கு மாற்றுங்கள்.

பாம்புச் சளி ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இருக்கிறது, நன்றாக இருமிச் சளியை வெளியே தள்ளுகிறோம். பாம்புக்கு அது கிடையாது. நீளமான நுரையீரலின் அடியில் தேங்கிய சளி, உடம்பின் நீளத்தில் பாதி தூரம் ஊர்ந்து வாய்க்கு வர வேண்டும். அதனால்தான் நோய் முற்றினால் தலையை மேலே தூக்கி வானத்தைப் பார்க்கிற மாதிரி நிற்கும். இன்னொன்று, ஊர்வனவற்றின் சீழ் நம்முடையது போல் நீராக இருக்காது. பனீர்க் கட்டி மாதிரி திடமாக உறையும். அதற்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் தொட முடியாது. நுரை நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம், உள்ளே கட்டி அப்படியே இருக்கிறது. ஐந்து நாள் ஊசி போதாது. பாம்புக்கு மூன்று முதல் ஆறு வாரம் சாதாரணம், அறிகுறி மறைந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். உங்கள் இரண்டு மருத்துவர்களும் தப்பான மருந்து கொடுத்துவிடவில்லை. பாதியில் நின்றுவிட்டது, அதுவும் குளிர்ந்த உடம்பில்.

இப்போது பரிசோதனை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாம்பின் மூச்சுத் துவாரம் வாய்க்குள் கீழ்த்தாடையின் முன்பக்கமே இருக்கும். அதன் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, கிருமி நீக்கிய உப்பு நீரைக் கொஞ்சம் விட்டு உறிஞ்சி எடுத்தால் நுரையீரலின் சளி கிடைக்கும். அதை கல்ச்சர் வைத்தால், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால், என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சில நாளில் தெரியும். சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வகைகள்தான் அடிக்கடி வரும், பூஞ்சையும் வரும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும்போது உடம்பில் மருந்து இல்லாமல் இருப்பது நல்லது, அந்த விதத்தில் நீங்கள் இப்போது வெறுங்கையோடு இருப்பது வசதி. ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கட்டும். மலத்தையும் எடுத்துப்போங்கள், நுரையீரல் புழு இருக்கலாம். செதில் இடுக்கில், கண்ணோரம் மிளகைவிடச் சிறிய கறுப்புப் பூச்சி ஊர்கிறதா என்று பாருங்கள். பாம்பு உண்ணி இருந்தால் அதையும் ஒழிக்க வேண்டும்.

எங்கே போவது? திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். போன் செய்து பாம்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். முடிச்சிட்ட தலையணை உறைக்குள் விட்டு, அதை மூடிய பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு, ஏசி போடாத காரில். பஸ் வேண்டாம், ராணிக்காக இல்லாவிட்டாலும் கண்டக்டருக்காக.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்புக்கு ஊசி உடம்பின் முன்பாதியில், முதுகெலும்பை ஒட்டிய சதையில்தான் போடுவது வழக்கம். பின்பாதியில் போட்டால் அங்கிருந்து வரும் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் வாய்ப்பு உண்டு, மருந்து உடம்பில் பரவும் முன்பே வெளியேறிவிடலாம். என்ரோஃப்ளாக்சசின் போட்ட இடம் கறுத்துப் புண்ணாகியிருக்கிறதா பாருங்கள், அந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டு. அமிக்காசின் மாதிரி மருந்து எழுதினால், முதலில் நீர்ச்சத்து ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். உடம்பு வறண்ட பாம்பின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும்.

அம்மாவின் நொச்சிக்கு வருகிறேன். மனுஷருக்கு நொச்சி ஆவி இதமாக இருக்கும், நானும் பிடிப்பவன்தான். பாம்புக்கு வேண்டாம். சூடான ஆவி தோலையும் மூச்சுக்குழாயையும் சுட்டுவிடும். யூகலிப்டஸ், கற்பூரம், மார்பில் தடவும் தைலம் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆனால் அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, சளியை இளக்க வேண்டும் என்பது சரிதான். அதற்கு நெபுலைசர் இருக்கிறது. குழந்தைகளுக்கு வைப்பார்களே, அதே கருவிதான். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் ராணியை விட்டு, கிருமி நீக்கிய சாதாரண உப்பு நீரை, 0.9 சதவீதம், குளிர்ந்த புகையாக 15, 20 நிமிடம் விடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை போதும். அதில் மருந்து கலப்பதா என்பதை கல்ச்சர் முடிவு வந்த பிறகு உங்கள் மருத்துவர் சொல்வார்.

சாப்பிடவில்லை என்று பதறாதீர்கள். 1,400 கிராம் பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வாயைப் பிளந்து எலியைத் திணித்தால், மூச்சுக்கே திணறுகிற பிராணிக்கு அதுவே போதும் முடிவுக்கு. குளிர்ந்த உடம்பில் தின்ற எலி வயிற்றில் அழுகும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், ஆழமில்லாத கிண்ணத்தில். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். 140 கிராம் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு, மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையில்லாமல் கையில் எடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு குட்டியைச் சொல்லியிருக்கிறீர்கள். ஏப்ரலில் வந்தது, ஜூனில் ராணிக்குச் சளி. 'அதற்கு ஒன்றும் இல்லை' என்பது எனக்கு நிம்மதி தரவில்லை. மலைப்பாம்பு வகைகளில் செர்பென்டோவைரஸ் என்று ஒன்று உண்டு, முன்பு நைடோவைரஸ் என்பார்கள். பால் பைத்தான்களில் 2014-ல்தான் இது விவரிக்கப்பட்டது. சில பாம்புகள் அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே இருக்கும், பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கும், பாக்டீரியா அதன் மேல் குடியேறும். அப்போது ஒவ்வொரு ஊசிக்கும் கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும், நீங்கள் எழுதியிருப்பது போலவே. குளிரும் இப்படிச் செய்யும் என்பதால் நான் முடிவாகச் சொல்லவில்லை. இரண்டு பாம்புகளின் வாய்ச் சளியையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை இல்லையென்று வந்தால் போதாது, சில வாரம் கழித்து இன்னொரு முறை. இருக்கிறது என்று வந்தால் அதற்கு மருந்து இல்லை. சூடு, நீர், கூட வந்த பாக்டீரியாவுக்கு மருந்து, இவ்வளவுதான் கையில் இருக்கும். அப்படியும் நெடுநாள் வாழ்கிற பாம்புகள் உண்டு, ஆனால் இன்னொரு பாம்பின் பக்கத்தில் வைக்கக் கூடாது.

அதுவரை குட்டி வேறு அறையில். கிண்ணம், பாம்பைத் தூக்கும் கொக்கி, துணி எல்லாம் தனித்தனி. முதலில் குட்டியைக் கவனித்துவிட்டு, அப்புறம் ராணி, அப்புறம் சோப்புப் போட்டுக் குளியல். புதுப் பாம்பு எது வந்தாலும் மூன்று மாதம் தனியறையில் வைத்திருக்க வேண்டும், உங்களுக்கு விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் மனைவியின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். ராணியின் சளி பிள்ளைக்குச் சளியாக வராது. ஆனால் எந்தப் பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அது கடுமையான பேதி, காய்ச்சல் வரை போகும். பிள்ளை தொட்டியைத் தொட வேண்டாம். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். பாம்பை எடுத்த கையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

மலையில் விடுவது மட்டும் கூடவே கூடாது. ஆப்பிரிக்கப் பிராணி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையில் சாகும். அதற்கு முன் அதன் வைரஸை நம் காட்டு மலைப்பாம்புக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், இரண்டுக்கும் பதிவு இருக்கிறதா? பால் பைத்தான், வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2024-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி இப்படிப்பட்ட அயல்நாட்டுப் பிராணிகளைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இல்லையென்றால் வனத்துறையில் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளுங்கள்.

வாயை மூடாமலே மூச்சுவிட்டாலோ, வாயின் உட்புறம் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரிந்தாலோ, கையில் எடுத்தால் கயிறு மாதிரி தொங்கினாலோ, அன்றைக்கே கிளம்புங்கள், கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். எனக்கு மறுபடி எழுதினால், விடியற்காலை மூன்று மணிக்குத் தொட்டி எத்தனை டிகிரி காட்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.